சின்ன பட்ஜெட்டில் லென்ஸும் ஒளிப்படப் பழக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேனன் அல்லது நிகானின் தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர். ஒன்றைப் புதிதாகவோ செகண்ட் ஹேண்டிலோ வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வேறு கம்பெனி கேமரா வைத்திருப்பவர்களுக்கு லென்ஸ் பெயர்கள் மாறும். பழகும் முறை மாறாது.

கையில் இருக்கும் பணத்தை பாடிக்கு (லென்ஸ் நீங்கலான கேமரா) போடுவதா, லென்ஸுக்கா?

லென்ஸுக்கு. பத்து வருஷத்துக்குள் வந்த எந்த டி.எஸ்.எல்.ஆர். பாடியும் கற்றுக்கொள்பவருக்குப் போதும். 12க்கு 8 அங்குலப் பிரின்ட் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் போட 8.6 மெகாபிக்சல் இருந்தால் சரி. ஏ3 அளவுக்கே 17.4தான் வேண்டும். 24 மெகாபிக்சல் பழைய பாடியில் இரண்டுமே அடங்கிவிடும். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கார்டு, இன்னொரு பேட்டரி, பிறகு ஒரு சின்ன ஃப்ளாஷ் என்று செலவு தொடரும். அதையும் இப்போதே கணக்கில் சேருங்கள்.

இந்தக் காலத்தில் போய் டி.எஸ்.எல்.ஆரா? மிரர்லெஸ் வாங்கக் கூடாதா?

டி.எஸ்.எல்.ஆருக்குள் ஒரு கண்ணாடி (மிரர்) இருக்கும், மிரர்லெஸ்ஸில் இருக்காது. பணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் அவர்கள் கழித்துவிடும் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அது கற்றுக்கொள்பவருக்கு லாபம். பின்னாளில் நீங்கள் மாறினாலும் கேனனின் ஈ.எஃப். லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். செகண்ட் ஹேண்டில் அதிகம் தென்படும் கேனன் எம் வரிசையை மட்டும் யோசித்து வாங்குங்கள். அந்த வரிசையை கம்பெனி நிறுத்திவிட்டது, அதற்கென்று புது லென்ஸ் இனி வராது.

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் உதவாது என்கிறார்களே?

சொல்பவர்களில் பலர் அதை எஃப் 8-ல் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும், எண் கூடினால் துளை சிறிது. ஐ.எஸ்.ஓ. கேமராவின் ஒளி உணர்திறன்.) பகல் வெளிச்சத்தில் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 100 வைத்து எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த லென்ஸ் என்று சொல்வது கஷ்டம். எஃப் 11-ஐத் தாண்டினால் ஒளி துளையின் விளிம்பில் சிதறி, படத்தின் கூர்மை மெல்லக் குறையும். 'எல்லாம் தெளிவாக விழட்டும்' என்று எஃப் 22 வைப்பது அதனால்தான் பலிப்பதில்லை.

இது திணறும் இடம் இருட்டு. கல்யாண மண்டபத்தில் மாலை ரிசப்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஷட்டர் வேகம் 1/60 விநாடி கிடைக்கவே ஐ.எஸ்.ஓ. 6400 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐ.எஸ்.ஓ.வை 1600-க்கு இறக்கி, ஷட்டரையும் 1/160-க்கு வேகப்படுத்தலாம். கிட் லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும், மணமகள் தலையைத் திருப்பினால் அது ஒன்றும் செய்யாது.

அப்படியானால் முதலில் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கிவிடலாமா? எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள்?

அவசரப்பட வேண்டாம். இந்த அறிவுரை 35 மி.மீ. ஃபிலிம் காலத்தில் பிறந்தது. அப்போது 50 என்பது அகலமும் இல்லாத, குறுகலும் இல்லாத நடுத்தர லென்ஸ். தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆரில் இருப்பது ஏ.பி.எஸ்.-சி என்னும் சிறிய சென்சார். கேனனில் 1.6, நிகானில் 1.5 மடங்கு காட்சி குறுகும். 50 அங்கே 75-80 போல நடந்துகொள்ளும்.

இதை அடிக்கணக்கில் பார்த்தால்தான் உறைக்கும். ஒருவர் நிற்கிறார், தலை முதல் பாதம் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு 2 மீட்டர் உயரம் படத்துக்குள் வர வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கிறீர்கள். 50 மி.மீ. லென்ஸுக்கு நீங்கள் கிட்டத்தட்ட 15 அடி பின்னால் போக வேண்டும். 35 மி.மீ.க்கு 10 அடி. 24 மி.மீ.க்கு 7 அடி. பத்துக்குப் பத்து அறையில் பீரோவும் கட்டிலும் போக மீதி இடம் எவ்வளவு? முதுகு சுவரில் இடித்த பிறகும் 50-ல் இடுப்புக்கு மேலேதான் வரும்.

வீட்டுக்குள் குழந்தை, பிறந்தநாள், பூஜை, சமையல் என்று எடுக்கப் போகிறீர்கள் என்றால் எங்கள் தேர்வு வேறு. நிகான்காரர்களுக்கு ஏ.எஃப்-எஸ் டி.எக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி, தொடக்க நிலை பாடிக்கு இதைவிடப் பொருத்தமான மலிவு லென்ஸை அந்தக் கம்பெனி செய்யவில்லை என்றே சொல்வோம். கேனன்காரர்களுக்கு ஈ.எஃப்-எஸ் 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்.டி.எம். வெறும் 125 கிராம், 16 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். எஃப் 2.8 என்பதால் 50-ஐவிட ஒளி குறைவுதான், ஆனால் அறைக்குள் படம் அடங்கும்.

வெளியில் முகங்கள், மேடை நிகழ்ச்சி, மொட்டை மாடியில் போர்ட்ரெய்ட் இவைதான் உங்கள் விருப்பம் என்றால் 50 அருமையான லென்ஸ். கேனன் ஈ.எஃப். 50 எஃப் 1.8-ல் 2015-ல் வந்த எஸ்.டி.எம். வகையைத் தேடுங்கள். 1990-ல் வந்த பழைய இரண்டாம் வகை 45 சென்டிமீட்டருக்குள் நெருங்காது, மோட்டார் சத்தமும் அதிகம்; புது வகை 35 சென்டிமீட்டர் வரை வரும்.

எனக்கு எந்த லென்ஸ் வேண்டும் என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

கிட் லென்ஸில் எடுத்த படங்களே சொல்லிவிடும். ஒவ்வொரு படத்தின் விவரப் பகுதியிலும் எந்த ஃபோக்கல் லென்த்தில் (18, 35, 55 என்னும் மி.மீ. எண்) எடுத்தது என்று பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து விவரங்களைத் திறந்தால் போதும். உங்களுக்குப் பிடித்த ஐம்பது படங்களை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 18-24 என்றால் அகல லென்ஸ் உங்களுக்கு. 55-லேயே முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் தூரத்தில் எடுக்கும் டெலி. 

ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) வாங்கும் முன் கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை அந்த எண்ணில் வைத்து ஒரு செல்லோ டேப் ஒட்டி ஒரு வாரம் எடுங்கள். 35-ல் ஒட்டி எடுத்தபோது எரிச்சல் வரவில்லை என்றால் 35 வாங்கலாம். காசு செலவில்லாத சோதனை இது; ஏனோ யாரும் செய்வதில்லை.

நிகான் பாடியில் லென்ஸ் மாட்டினேன், ஆட்டோஃபோகஸ் வரவில்லை. லென்ஸ் பழுதா?

பழுதாக இருக்காது. டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் (டி3300, டி3500, டி5300, டி5600 எல்லாம் சேர்த்தி) ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் லென்ஸுக்குள் இருக்க வேண்டும். ஏ.எஃப்-எஸ் என்று பெயரில் இருந்தால் மோட்டார் உண்டு. 50 மி.மீ. எஃப் 1.8 டி போன்ற ஏ.எஃப்-டி லென்ஸ்களில் இல்லை; அவற்றைக் கையால்தான் திருப்பி ஃபோகஸ் செய்ய வேண்டும். விலை குறைவு என்று 'டி'யை வாங்கிவிட்டு மோட்டார் உள்ள ஏ.எஃப்-எஸ் 'ஜி'க்கு மாற்ற அலைபவர்கள் நிறைய.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஏ.எஃப்-பி என்ற புதிய வகை டி90, டி3100, டி7000 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸே ஆகாது. கையாலும் முடியாது, ஏனென்றால் அந்த வளையமும் மின்சாரத்தில்தான் இயங்குகிறது.

கேனனில் இந்தத் தொல்லை இல்லை. ஈ.எஃப். லென்ஸில் சிவப்புப் புள்ளி, ஈ.எஃப்-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம். தொடக்க நிலை பாடியில் இரண்டு குறியும் இருக்கும், இரண்டும் பொருந்தும்.

பறவை, கபடி, தேர்த்திருவிழா என்று தூரத்தில் எடுக்க மலிவான டெலி லென்ஸ்?

கேனனில் ஈ.எஃப்-எஸ் 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். 375 கிராம்தான், ஸ்டெபிலைசர் உண்டு. அதே கடையில் 75-300 என்று ஒன்றைக் காட்டுவார்கள், எண் பெரிதாக இருப்பதால் மனசு போகும். அதில் ஸ்டெபிலைசர் இல்லை, 300-ல் படம் சொதசொதவென்று இருக்கும். நிகானில் ஏ.எஃப்-பி டி.எக்ஸ் 70-300 இரண்டு வகையாக வந்தது. பெயரில் வி.ஆர். (நிகானின் ஸ்டெபிலைசர்) என்று இருப்பதை மட்டும் வாங்குங்கள். இல்லாததை இரட்டை லென்ஸ் பெட்டியில் சேர்த்து விற்றார்கள், செகண்ட் ஹேண்டில் சுற்றுவது பெரும்பாலும் அதுதான்.

சிறு பறவைகளுக்கு 250 போதாது. குளத்துக் கொக்கு, நாரை, நீர்க்காகம் வரை சமாளிக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸை எப்படிச் சோதிப்பது?

பகலில், உங்கள் பாடியையும் கார்டையும் கொண்டுபோய்ச் சோதியுங்கள். 'படம் பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லத் தயங்காதீர்கள். சோதிக்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

முதலில் கண்ணாடி. பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள், பிறகு திருப்பிப் பாருங்கள். துளை முழுதாகத் திறந்திருக்க வேண்டும். கழற்றிய கேனன் லென்ஸில் அது தானே திறந்திருக்கும். நிகானின் ஜி வகையில் பின்னால் உள்ள சிறு நெம்பைத் தள்ளிப் பிடிக்க வேண்டும். நாலைந்து தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. நூல் நூலாகக் கிளை பிரிந்து ஒட்டடை போல இருந்தால் ஃபங்கஸ். முழுக்கப் பால் கலந்தது போல மங்கலாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளிறிப்போகும். இரண்டையும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். சுத்தம் செய்தாலும் ஃபங்கஸ் கண்ணாடியின் பூச்சை அரித்த தடம் போகாது.

அடுத்து உடம்பு. முன்பக்க ஃபில்டர் மரையில் நசுங்கல் இருந்தால் லென்ஸ் ஒருமுறை கீழே விழுந்திருக்கிறது. விழுந்த லென்ஸில் உள்ளே கண்ணாடி சற்றே சாய்ந்திருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க, செங்கல் சுவருக்கு நேராக, சாயாமல், துளையை முழுதும் திறந்து, இரண்டு விநாடி டைமரில் ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே அளவு மங்கினால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் குழைந்திருந்தால் லென்ஸ் கோணல்.

மூன்றாவது துளை. அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (துளையை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோடு) ஒரே சுவரை எஃப் 2.8, 5.6, 11, 16 என்று எடுங்கள். எல்லாம் ஒரே வெளிச்சத்தில் வர வேண்டும். சிறிய துளைக்குப் போகப் போகப் படம் வெளுத்தால் துளையை மூடும் இதழ்களில் எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொள்கிறது என்று அர்த்தம். கேனனில் 'எர்ர் 01' என்று வந்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே தொடர்பு சரியில்லை. லென்ஸின் பின்னால் உள்ள உலோகப் புள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள், அப்போதும் வந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பில்லில் உள்ள சீரியல் நம்பரும் லென்ஸில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்கவும்.

லென்ஸில் ஃபங்கஸ் வராமல் எப்படி வைத்திருப்பது?

கேமரா பையில் வைக்காதீர்கள். பையின் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, 100-200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி, இவ்வளவுதான். 40 முதல் 50 சதவீதத்தில் நிற்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை பாருங்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, உலர்த்த வேண்டும். அந்த நீல நிறத்துக்குச் சேர்ப்பது கோபால்ட் உப்பு, அது நஞ்சு. சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஆரஞ்சு நிற வகை இருக்கிறது, அதை வாங்குங்கள். அரிசியில் புதைத்து வைப்பது, அந்துருண்டை போடுவது இரண்டும் வேண்டாம். ஒன்றில் மாவுத் தூசி, மற்றதன் ஆவி கண்ணாடியில் படியும்.

ஏ.சி. அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுக்க வியர்க்கும். பையை மூடியபடியே 15-20 நிமிஷம் வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

எந்த மோடில் பழகத் தொடங்குவது? மேனுவல்தான் உண்மையான ஒளிப்படம் என்கிறார்களே?

அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் தொடங்குங்கள். கேனன் டயலில் 'ஏவி', நிகானில் 'ஏ'. துளையை நீங்கள் வையுங்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.வை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 3200 அல்லது 6400 என்று வையுங்கள். ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக மாற்றுங்கள்; பல புள்ளிகளை விட்டால் கேமரா பெரும்பாலும் முன்னால் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், முகத்தை அல்ல.

ஒரு சொம்பை ஜன்னலோரம் வைத்து, நான்கடித் தூரத்திலிருந்து, கிட் லென்ஸில் 55-ல் எஃப் 5.6, 8, 11, 16 என்று எடுங்கள். பின்னால் உள்ள திரைச்சீலையின் தையல் எப்போது தெரிய ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். பிறகு சொம்பை நகர்த்தாமல், நீங்கள் அதைச் சுற்றி நடந்து ஜன்னல் உங்கள் முதுகுப்புறம், பக்கவாட்டு, எதிரே என்று மூன்று படம். லென்ஸ் மாற்றி வராத வித்தியாசம் இதில் வரும். மேனுவல் மோடு ஃப்ளாஷ், இரவு வானம், பனோரமா போன்றவற்றுக்குத் தேவைப்படும்போது தானாக வந்து சேரும்.

படம் பிளராக வருகிறது. லென்ஸை மாற்றணுமா?

முதலில் என்ன பிளர் என்று பாருங்கள். படத்தை நூறு சதவீதம் பெரிதாக்குங்கள்.

எல்லாமே ஒரே திசையில் இழுத்துக்கொண்டு போயிருந்தால் கை நடுக்கம். ஃபோக்கல் லென்த்தை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கி, அதன் கீழ் ஒன்று என்ற ஷட்டர் வேகத்துக்குக் குறையக் கூடாது: 55-க்கு சுமார் 1/90, 250-க்கு 1/400. ஸ்டெபிலைசர் இருந்தால் இதைவிடக் குறையலாம்.

சுவர் தெளிவு, ஆள் மட்டும் இழுப்பு என்றால் அவர் அசைந்திருக்கிறார். நிற்பவருக்கு 1/125, நடப்பவருக்கு 1/250, ஓடும் குழந்தைக்கு 1/500.

முகம் மங்கல், காது தெளிவு என்றால் ஃபோகஸ் தவறிய இடம். எஃப் 1.8 வாங்கிய முதல் மாதத்தில் இதுதான் அதிகம். 50 மி.மீ. லென்ஸில் 5 அடித் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். எஃப் 4-ல் 14. இரண்டு பேர் முன்பின்னாக நின்றால் எஃப் 1.8-ல் ஒருவர்தான் தெளிவாக விழுவார். ஃபோகஸ் பூட்டிய பிறகு முன்னும் பின்னும் ஆடினாலே கண் தப்பிவிடும்.

எங்குமே தெளிவில்லை, மூடுபனி போல என்றால் லென்ஸைத் துடையுங்கள். விரல் ரேகையாக இருக்கும்.

முகம் கறுத்துப்போகிறது, வெள்ளை வேட்டி சாம்பலாக வருகிறது. ஏன்?

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவர் முன் மாநிறத்தவர் நின்றால் சுவரைச் சாம்பலாக்கும், முகம் இருண்டுவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அமைப்பு) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு கூட்டமே நின்றாலும் அதே. கருங்கல் சிற்பத்துக்கு நேர்மாறு, −0.7 அல்லது −1. முகத்தை வெளுக்க ஃபோன் ஆப்பில் இழுப்பது இதற்கு மாற்று ஆகாது; தோலின் நிறம் தோலின் நிறமாகவே நல்ல வெளிச்சத்தில் அழகாக விழும்.

டியூப்லைட், எல்.ஈ.டி. வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக வருகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் ஒரு முழுச் சுற்று அடங்கும், பட்டை மறையும். மேடை எல்.ஈ.டி. திரைகளும் மங்கலாக்கும் வசதியுள்ள விளக்குகளும் வேறு கணக்கில் துடிக்கும். அங்கே முதலில் நாலு வேகத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு நிகழ்ச்சியைத் தொடங்குங்கள்.

பூ, நகை, பூச்சி எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டுமா?

பூவுக்கும் நகைக்கும் கிட் லென்ஸே போதும். கேனன் 18-55 ஐ.எஸ். எஸ்.டி.எம். 25 சென்டிமீட்டர் வரை நெருங்கி 6 சென்டிமீட்டர் அகலப் பொருளைச் சட்டம் நிறைய எடுக்கும். காசு போட்டு வாங்கிய 50 எஸ்.டி.எம்.மால் 10 சென்டிமீட்டருக்குக் கீழே போக முடியாது. பூச்சிக்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப், அதாவது பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே செருகும் கண்ணாடி இல்லாத வளையம். வளையத்தின் நீளத்தை ஃபோக்கல் லென்த்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் தெரியும்: 50 மி.மீ. லென்ஸில் 25 மி.மீ. வளையம் என்றால் பாதி. மின்தொடர்பு உள்ள வளையமாகப் பார்த்து வாங்கவும். இல்லாதது மலிவு, ஆனால் கேனனில் துளையை மாற்ற முடியாமல் முழுதும் திறந்தே கிடக்கும். பூச்சியின் ஒரு மீசை மட்டும் தெளிவாக விழும்.

மலிவான ஃப்ளாஷ் வாங்கலாமா?

வாங்கலாம், லென்ஸுக்கு முன்பே கூட. தலை திருப்பக்கூடிய மேனுவல் ஃப்ளாஷ் போதும். ஒளியை நேராக முகத்தில் அடிக்காமல் கூரையில் அடியுங்கள். 10 அடி உயர வெள்ளைக் கூரைக்கு எஃப் 4, ஐ.எஸ்.ஓ. 800, 1/100, ஃப்ளாஷ் கால்பங்கு பவரில் தொடங்கி, படம் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். கூரைக்கு நீலமோ பச்சையோ அடித்திருந்தால் முகமும் அந்த நிறமாகும். பக்கத்து வெள்ளைச் சுவரைத் தேடுங்கள்.

வாங்கும் முன் கேமராவின் தலையில் ஃப்ளாஷ் செருகும் இடத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு பெரிய வட்ட உலோகப் புள்ளி இருக்க வேண்டும். கேனன் 200டி இரண்டாம் வகையில் அது இல்லை. மலிவான மேனுவல் ஃப்ளாஷ் எல்லாம் அந்தப் புள்ளியை நம்பித்தான் இயங்குகின்றன, அதில் எரியாது.

யூ.வி. ஃபில்டர் போடணுமா?

வேண்டாம். கடைக்காரருக்கு லாபம், இரவில் விளக்குகளைச் சுற்றிப் பேய் உருவங்கள் உங்களுக்கு. ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பு) வாங்குங்கள், இடியும் தாங்கும், வெயிலையும் மறைக்கும்.

ரா-வா, ஜேபெக்கா?

ரா என்பது சென்சார் பதிந்த தரவு, நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும்; ஜேபெக் கேமராவே திருத்திச் சுருக்கித் தருவது. கார்டில் இடமிருந்தால் இரண்டும் சேர்த்து. 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று 25-30 எம்.பி. வரும், 64 ஜி.பி. கார்டில் ரா மட்டும் இரண்டாயிரம் படம் வாக்கில் அடங்கும். திருத்த மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கேனனின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிகானின் என்.எக்ஸ். ஸ்டூடியோ இரண்டும் அந்தந்தக் கேமராக்காரர்களுக்கு இலவசம். டார்க்டேபிள், ராதெரபி எல்லோருக்கும் இலவசம். முதலில் கம்பெனி மென்பொருளில் பழகுங்கள், டார்க்டேபிள் கொஞ்சம் மிரட்டும்.

கார்டு எது வாங்குவது?

முழு எச்.டி. வீடியோவுக்கும் படத்துக்கும் யூ1 அல்லது யூ3 என்று அச்சிட்ட 64 ஜி.பி. கார்டு போதும். போலிகள் ஏராளம்: 64 என்று எழுதி உள்ளே 8 இருக்கும், நிறைந்த பிறகு எடுக்கும் படங்களெல்லாம் சாம்பல் கட்டமாகிவிடும். வாங்கிய அன்றே கம்ப்யூட்டரில் செருகி எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை ஓட்டுங்கள். கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், ஒரு மணி நேரம் போல ஆகலாம். பிழை காட்டினால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தேறினால் கேமராவில் ஃபார்மட் செய்துவிட்டுப் பயன்படுத்தலாம்.